சாட்சி அலமாரி

நேற்று நம் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு சகோதரியாம். எந்த ஊர், என்ன பெயர் ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டாளாம், பூரண சுகமாம், கர்த்தருடைய நாமம் மகிமைப்பட எல்லோரும் ஆமென் போடுங்கள் என்று. வரிசையாகப் போட்டீர்கள். சிலர் கை கூப்புகிற படத்தையும் சேர்த்துப் போட்டீர்கள். நான் போடவில்லை. அதற்கு இன்று காலையில் பல்கூட விளக்கவில்லை, போன் வந்துவிட்டது. "ஏன்க்கா, நீங்க மட்டும் போடல? விசுவாசம் இல்லையா?"

விசுவாசம் இருக்கிறதம்மா, அதனால்தான் போடவில்லை. போனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, ஒரே மாதிரி முட்டிவலி, ஒரே மாதிரி மறதி. காலையில் என்ன குழம்பு வைத்தேன் என்பது எனக்கு மத்தியானம் ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு படித்தபோது தைப் பொங்கலிலிருந்து முழுப்பரீட்சை வரைக்கும் நடந்தது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். நான் பொறுமையாக எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம். அப்பா தையல்காரர். கடைத்தெருவில் காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று போட்டிருந்தார். நாற்பது தாண்டியதும் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய், பத்து ஊசியில் நூல் கோத்து வரிசையாகப் பஞ்சுத் திண்டில் குத்தி வைக்க வேண்டும். மறுநாள் காஜா எடுக்க, கொக்கி வைக்க அவருக்கு அது போதும். எனக்கு ஒரு ஊசிக்கு ஒரு நொடி. எச்சில்கூடத் தொட மாட்டேன். "என் பொண்ணு கண்ணு கழுகுக் கண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அப்பா ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மெஷினையே அடகு வைத்துக் குடித்தவர் என்று அம்மா சொல்வாள். ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்துத்தான் விட்டார். விட்டவர் விட்டதுதான், செத்துப்போகும்வரை தொடவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. தையல்காரர்கள் வெட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது ஊர் அறிந்த சங்கதி, யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா உள்ளங்கை அகலத் துண்டைக்கூட மடித்து நூலால் கட்டி, சட்டையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். "நான் கர்த்தர் பேரைச் சொல்லிக்கினு திரியறவன். அந்தப் பேருக்கு என்னால ஒரு அழுக்கு வரக்கூடாது" என்பார். உண்மையாகவே அப்படி நினைத்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பின்னால் செய்ததை அயோக்கியன் ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஜெபவீட்டில், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. நாங்கள் சாட்சி அலமாரி என்போம். கர்த்தர் ஒருவரை எதிலிருந்தாவது விடுவித்தால், அந்தப் பொருளைக் கொண்டுவந்து சபையில் ஒப்படைத்து, மைக்கில் சாட்சி சொல்லுவார்கள். பாஸ்டர் ஐயா அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவார், சாவி அவர் இடுப்பில். அறுத்துப்போட்ட தாயத்துகள், பாதி பீடிக்கட்டு, சீட்டுக்கட்டு, ஒரு ஊன்றுகோல் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல் தட்டில் அப்பாவுடைய சாராய பாட்டில். கழுவித்தான் வைத்தார்கள், இருந்தும் வெயில் நேரத்தில் கதவைத் திறந்தால் மெல்லிசாக ஒரு புளித்த வாடை வரும். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதும் அப்பா முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் கணக்கு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். கரும்பலகையில் எழுதுவதை நான் பார்ப்பதே இல்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார். தன்னுடைய லீவு நாளில், தன் செலவில் பஸ் ஏற்றிக் கள்ளக்குறிச்சியில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனார். கிட்டப்பார்வை என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சட்டம், மூக்கில் அழுத்தும், புது மருந்துப் புட்டி மாதிரி ஒரு வாசனை. அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

அதுவரை மலை என்றால் எனக்கு அப்பா கடையில் குவிந்து கிடக்கும் ஊதாத் துணிதான். அன்றைக்குப் பார்த்தேன், மலைமேல் மரம் மரமாக இருந்தது! தனித்தனியாக! ஒரு பாறை, அதன் பக்கத்தில் கோடு மாதிரி ஒரு தடம், எங்கேயோ ஒரு குடிசையிலிருந்து புகை. "டீச்சர், மலைல புகை வருது டீச்சர்" என்று நான் கத்தியதில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கர்த்தர் செய்ததையெல்லாம் நான் பதினோரு வருஷம் பார்க்காமலே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்று வீட்டு ஜெபத்தில் அழுதேன். ஜெபத்தில் நானாக அழுதது அதுதான் முதல் தடவை.

பதினெட்டு நாள் போட்டேன். பத்தொன்பதாம் நாள் எங்கள் ஜெபவீட்டு வாசலில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் ஆரம்பம். வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தொண்டை கட்டிய குரல். முன்வரிசையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த நான் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தேன்.

"இந்தச் சின்ன வயசுல கண்ணாடியா! சத்துரு கண்ணக் கட்டி வெச்சிருக்கான். வா பாப்பா மேல."

கண்ணாடியை அவரே கழற்றினார். தலையில் எண்ணெய் வைத்து, கையை வைத்து அழுத்தினார். கழுத்து உள்ளே போய்விடும்போல் இருந்தது. கூட்டம் முழுக்க, ஆவியில் நிறைந்து யாருக்கும் புரியாமல் பேசுகிற அந்நியபாஷையும் கைதட்டலும். பிறகு வேதப் புத்தகத்தை விரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"படி!"

படித்தேன். பொடி எழுத்து, கடகடவென்று படித்தேன். படிக்காமல் என்ன? கிட்டத்தில் இருப்பது எனக்கு எப்போதுமே தெரியும்! பத்து ஊசி கோக்கிறவள் நான். எட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. அந்தப் பந்தலில் இத்தனை பெரியவர்கள் இருந்தார்களே, தூரத்தில் கட்டியிருந்த துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருத்தருக்குத் தோன்றியதா? ஊசி கோப்பதைத் தினமும் பார்த்த அப்பாவுக்காவது தோன்றியதா? பந்தலே எழுந்து நின்று ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. அப்பா மேடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அழுது முடித்து மைக்கை வாங்கினாரே, அதில்தான் பொய்.

"என் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் தெரியாம இருந்திச்சு. டாக்டருங்களே கைவிட்டுட்டாங்க. இன்னிக்கு என் கர்த்தர் தெறந்துட்டாரு!"

கண்ணாடி சாட்சி அலமாரிக்குப் போனது. பாட்டிலுக்குக் கீழ்த் தட்டில் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அப்பா, கிட்ட இருக்கிறது எனக்கு முன்னாலயே தெரியும்ப்பா. எட்ட இருக்கிறது இப்பவும் தெரியலப்பா."

அப்பா முகம் மாறியது. "அப்பிடிச் சொல்லாத பாப்பா. அவிசுவாசம் அது. தெரியுது தெரியுதுன்னு வாயால அறிக்கை பண்ணிக்கினே இரு, தெரிஞ்சிடும். ஊரே சாட்சி கேட்டுச்சு. இப்ப இல்லன்னு சொன்னா தேவ நாமத்துக்கு இல்ல நிந்தை?"

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "கண்ணு தெரியாம கொழந்த கெணத்துல வுழுந்தா அப்ப மட்டும் நாமத்துக்கு நிந்தை வராதா?"

"நீ சும்மா இரு."

"சும்மாத்தான் இருக்கேன். சும்மா இருந்து இருந்துதான் இப்பிடிப் போச்சு" என்று கரண்டியை விட்டெறிந்தாள். அன்று சாம்பார் தீய்ந்துபோனது, மூன்று பேரும் அதைத்தான் தின்றோம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், "கண்ணாடி எங்கம்மா?" என்றார். அப்பா சொல்லிக்கொடுத்திருந்தபடி, "கர்த்தர் சுகமாக்கிட்டாரு டீச்சர்" என்றேன். டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு சாமி கும்பிடுகிறவர் அவர். "உங்க சாமி விஷயம், நான் இன்னா சொல்றது" என்று முனகி, என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். நல்ல மனுஷி. அந்த நல்ல மனசால்தான் கேட்காமல் விட்டார், அதுவும் எனக்குத்தான் கெடுதல். முதல் பெஞ்சிலும் கரும்பலகை வெள்ளைப் பூச்சாகத்தான் இருந்தது. மலை திரும்பவும் துணியாகிவிட்டது. காலையில் எழுந்ததும் கொல்லைப்பக்கம் நின்று, தெரியுது தெரியுது என்று மலையைப் பார்த்து நூறு தடவை சொல்வேன். தலைவலிதான் வந்தது.

மாசி மாதத்தில் மலை ஊழியம் வந்தது, மலைக் கிராமத்துக்குப் போய்ப் பிரசங்கம் பண்ணுவது. ஜீப் போகிறவரை ஜீப், மிச்சம் நடை. பாஸ்டர் ஐயா, அப்பா, பாட்டுப் பாட நாலைந்து பேர், சாட்சிப் பொருளாக நான். என் கண்ணாடியையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள், ஜனங்களுக்குக் காட்ட. என் கண்ணாடி ஐயாவின் பையில் வருகிறது, நான் வேர் தடுக்கி, கல் தடுக்கி ரெண்டு முட்டியும் சிராய்த்துக்கொண்டு பின்னால் வருகிறேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

மலைக் கிராமத்தில் ஒரு பலாமரத்தடியில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கஞ்சிராவும் பாட்டும் முடிந்ததும் அப்பா சாட்சி சொன்னார். கீழே சொன்னதைவிட மேலே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். ஐயா கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். பிறகு நான் படித்துக் காட்டினேன். எல்லாம் ஆனதும் மரத்தடியில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து முட்டியில் எச்சில் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை, ஒரு கண்ணில் துணி கட்டியிருந்தது. கையில் ஒரு மூட்டை.

"பாப்பா, இதுக்கு கண்ணுல சாமைப் பயிருத் தாளு குத்திடுச்சு. கண்ணு செவந்து, இப்ப நடுவுல வெள்ளையா பூத்துக்கினு வருது. நாளைக்கு விடியல்ல எறங்கி கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு மூட்ட கட்டி வெச்சேன். எறங்கறதும் ஏறறதும் சும்மாவா? உங்கப்பாரு சொல்றதக் கேட்டா, இங்கியே உங்க சாமிகிட்ட வேண்டிக்கினு இருந்துடலாம்னு தோணுது." சொல்லிக்கொண்டே மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். "உனக்கு நெசமாவே தெரியுது இல்ல?"

குழந்தை துணியைப் பிடித்து இழுத்து அழுதது. கிட்டத்தில்தான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, கருவிழியில் அரிசி அளவுக்கு வெள்ளை.

அப்பா மரத்தடியில் இருந்தார். எட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, அதற்குமேல் கறுப்பாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான் தெரிந்தது. அவர் முகம் தெரிந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

"அவுக்காதீங்கக்கா! எனக்குத் தெரியல. கிட்டதான் தெரியும், எட்ட தெரியாது. எங்கப்பா மூஞ்சிகூட இங்கேர்ந்து தெரியல. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். அழுகை முட்டியதில் கத்தலாக வந்துவிட்டது. மரத்தடியில் பேச்சு நின்றது.

"அப்ப உங்கப்பாரு சொன்னது?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா. கர்த்தர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லக் கூடாதுன்னு அவருதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு."

அவள் அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் போட்டாள். விடியும்வரைகூட இருக்கவில்லை, அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடத்தில் இறங்கிவிட்டாள்.

அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. ஜீப்பில் ஐயா மட்டும் பேசிக்கொண்டே வந்தார், "நாமத்துக்கு நிந்தை, நாமத்துக்கு நிந்தை" என்று. அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில், கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். பிதாவே என்று கூப்பிட்டார். அடுத்து, உம்முடைய பெயர் பரிசுத்தமாக இருக்கட்டும் என்று கேட்கிற இடம். அங்கே நின்றுவிட்டார். இருமினார். அம்மா மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். மறுநாளும் அதே இடத்தில் நின்றார். மூன்றாம் நாளும். மணிக்கணக்கில் ஜெபம் பண்ணுகிற மனுஷனுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. நாலாம் நாள் அம்மாவும் சொல்லித்தரவில்லை, மூன்று பேரும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை கடையில் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றது.

"பாப்பா, அந்த ஒரக்கடை போர்டுல இன்னா எழுதியிருக்குது, படி."

"எந்தப் போர்டுப்பா?"

தெருவுக்கு அந்தப் பக்கம்தான் உரக்கடை. சாண் உயரத்துக்கு எழுத்து. இதைக் கேட்க அவருக்கு ஒரு கூட்டமும், ஒரு மலையும், நாலு நாள் ஜெபமும் தேவைப்பட்டிருக்கிறது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனார்.

"சாவி குடுங்க ஐயா."

"சபைக்கு ஒப்படைச்சதத் திருப்பி எடுக்கக் கூடாது. நாலு பேரு கேட்டா இன்னா சொல்றது? தேவ நாமத்துக்கு நிந்தை."

"நிந்தை அந்த அலமாரிலதாங்க ஐயா இருக்குது. அதத்தான் எடுத்துக்கினு போலாம்னு வந்தேன். வெட்டு மிச்சத்தியே திருப்பிக் குடுக்கிறவன் நான். இது எம் பொண்ணோடது." சாவியை வாங்கியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "என் பாட்டிலு அங்கியே இருக்கட்டும். அது நெசம்."

மறுநாள் ஆராதனையில் எழுந்து, என் பெண்ணுக்குச் சுகமாகவில்லை, நான் சொன்னது பொய், டாக்டர் கைவிடவும் இல்லை என்று சொன்னார். மைக் கொடுக்கவில்லை. பின்வரிசையில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை, என்ன சொல்றார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பொய்க்கு மைக்கும் பந்தலும், உண்மைக்கு வெறும் தொண்டை! எனக்கு அதில் இன்றுவரை ஆத்திரம்தான். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் அந்த வரி அப்பாவுக்கு வந்தது. மெதுவாக வந்தது.

கண்ணாடியில் காதில் மாட்டுகிற தண்டு ஒன்று மலைக்குப் போன வழியில் உடைந்திருந்தது. அப்பா கறுப்பு நூலால் சுற்றிச் சுற்றித் தைத்தார். அந்த ஊசியையும் நான்தான் கோத்துக்கொடுத்தேன். அந்தக் கண்ணாடி இப்போது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எத்தனை வீடு மாறியாயிற்று.

முழுப்பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடை வாசலில் அந்த மலை அக்கா வந்து நின்றாள். இந்தத் தடவை எட்டத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். கையில் ஒரு சீப்பு மலைவாழை. குழந்தை கண்ணில் கட்டு இல்லாமல், என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. கருவிழியில் கடுகளவு தழும்பு இருந்தது, ஆனால் அந்தக் கண்ணாலும் பார்த்தது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் கண்ணே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் திட்டினார்களாம். கச்சிராயபாளையத்தில் இறங்கி, கண்ணாடி போட்ட பொண்ணோட அப்பா, தையல்காரர் என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

அப்பா எழுந்து நின்றார். குழந்தையின் முகத்தையே பார்த்தார்.

"ண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "அன்னிக்கு மரத்தடில ஒரு சாமி பேரக் கத்திக் கத்திச் சொன்னீங்க. எனக்கு மனசுல நிக்கல, மறந்துட்டேன். இந்தப் பாப்பா ஒரு சாமிக்குப் பயந்து நெசத்தச் சொல்லிச்சே, அந்தச் சாமி பேரு இன்னா?"

வருஷக்கணக்காக அந்தப் பெயரை மைக்கில் முழங்கியவர் அப்பா. கடைச் சுவரில் எழுதி வைத்தவர். அவர் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"நீ சொல்லு பாப்பா" என்றார்.

என் உதட்டில் ஒரு ஊசி இருந்தது. எடுத்துத் திண்டில் குத்தினேன். பிறகு கத்தாமல் சொன்னேன்.